பெருநாள் பரிசும் உழைப்பின் உரிமையும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுவிழா மேடையில் கம்பனைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ பேசுவது சங்கங்களின் நன்மரபு. ஆயினும், இவ்வாண்டு விழா டிசம்பர்த் திங்களில், கொல்கத்தா மாநகரம் விளக்கணிந்து நிற்கும் நாட்களில் அமைந்துள்ளது. ஆகவே அந்நாட்களோடும் நம் வாழ்வோடும் நெருங்கிய தொடர்புடைய ஒன்றைப் பேசத் துணிந்தோம். வேலை செய்யும் இடத்தில் பெருநாளை முன்னிட்டுக் கிடைக்கும் பரிசு, இனாம், போனஸ் ஆகியவையே அப்பொருள். "தமிழ்ச் சங்கத்தில் பேசுவதற்கு இதுவும் ஒரு பொருளா?" என்று சிலர் கேட்கக்கூடும். நம் முன்னோர் இந்நகருக்கு வந்தது கங்கையில் நீராடித் திரும்புவதற்கு அன்று. கணக்கராகவும், தட்டெழுத்தாளராகவும், சுருக்கெழுத்தாளராகவும், பொறியாளராகவும் வேலை தேடி வந்தனர். லேக் மார்க்கெட்டைச் சுற்றி அவர்கள் குடியேறியதும், இச்சங்கத்தை வளர்த்ததும் அந்த வேலையின் ஊதியத்தால்தான். ஆதலின் ஊதியத்தைப் பற்றிப் பேசுவது நமக்கு இழுக்காகாது.

வங்க மக்கள் கிறிஸ்துமஸை 'பொரோதின்' என்பர். 'பெரிய நாள்' என்பது அதன் பொருள். பார்க் தெருவெங்கும் விளக்கு வரிசைகள். 1874இல் திறக்கப்பட்ட நியூ மார்க்கெட்டினுள், யூதக் குடும்பம் ஒன்று 1902இல் தொடங்கிய நாகூம் கடையின் முன் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் பிளம் கேக்கு வாங்க ஒரே வரிசையில் நிற்பார்கள். இதனினும் இனிய காட்சி இந்நகரில் அரிது. அந்தக் கேக்குப் பெட்டிகளுள் ஒரு பகுதி அலுவலகங்களுக்குச் செல்கின்றது. அங்கே அது யாரிடமிருந்து யாருக்குச் செல்கின்றது, எந்த நோக்கத்தோடு செல்கின்றது என்பதே நம் கேள்வி.

இக்கேள்விக்கு வழிகாட்டும் விளக்கு நம் தொல்காப்பியத்திலேயே இருக்கின்றது. சொல்லதிகாரத்தின் எச்சவியலில், ஒருவன் மற்றொருவனிடம் பொருள் கேட்கும்போது ஆளும் சொற்களைத் தொல்காப்பியர் மூன்றாக வகுத்தார். தன்னினும் உயர்ந்தவனிடம் கேட்பவன் 'ஈ' என்பான். தனக்கு நிகரானவனிடம் கேட்பவன் 'தா' என்பான். தன்னினும் தாழ்ந்தவனிடம் கேட்பவன் 'கொடு' என்பான். பொருள் ஒன்றே ஆயினும், கேட்பவன் நிற்கும் நிலைக்கேற்பச் சொல் மாறுகின்றது. அலுவலகத்துப் பெருநாள் பரிசின் வரலாறு முழுவதையும் இந்த மூன்று சொற்களில் அடக்கிவிடலாம்.

முதலில் 'கொடு' என்பதைக் காண்போம். 1757இல் பிளாசிப் போருக்குப் பின் கிளைவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிற அதிகாரிகளும் புதிய நவாபிடமிருந்து பெற்ற 'பரிசுகள்' உலகறிந்தவை. அவை பிற்காலத்தில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் விசாரணைக்கும் உள்ளாயின. 1765இல் கம்பெனி ஊழியர்கள் பரிசு பெறுவதில்லை என்று உறுதிப்பத்திரம் எழுதித் தருமாறு பணிக்கப்பட்டனர். 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அத்தடையை உறுதிசெய்தது. ஆனால் வழக்கம் மடியவில்லை, உருமாறியது. 'டாலி' என்று பெயர் பெற்ற கூடை தோன்றிற்று. கிறிஸ்துமஸ் காலையில் துரையின் பங்களாத் தாழ்வாரத்தில் ஒப்பந்தக்காரரும், நிலக்கிழாரும், கீழ்நிலை அலுவலரும் அனுப்பிய கூடைகள் வந்து இறங்கும். மேலே பழமும், பூவும், பாதாமும், இனிப்பும் இருக்கும். அரசு விதிகள் பூவும் பழமும் போன்ற சிறு பொருள்களை மட்டுமே அனுமதித்தன என்பது மெய்யே. ஆயினும் கூடையின் அடியில் என்ன இருந்தது என்பதை விதி எழுதியவர் வந்து பார்த்தாரா?

துரை வாய் திறந்து 'கொடு' என்று சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் அமர்ந்திருந்த நாற்காலியே அச்சொல்லைச் சொல்லிற்று. வறியவர்க்கு வழங்குவதையே ஈகை என்றும், மற்றவர்க்கு வழங்குவதெல்லாம் அளந்து கொடுத்து அளந்து வாங்கும் கைம்மாற்றுப் போன்றது என்றும் வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கருதினார். டாலிக் கூடை அந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது என்பதில் ஐயமில்லை. துரைமார் கப்பலேறிச் சென்றுவிட்டனர், கூடை செல்லவில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கொள்முதல் அதிகாரியின் மேசைக்கு வந்து சேரும் உலர்பழப் பெட்டி அதன் பேரப்பிள்ளைதான். மத்திய அரசு ஊழியரின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளுள் 13ஆம் விதி, பரிசு பெறுவதற்கு எல்லை வகுத்தது. நம்மிற் பலர் அந்த விதியின் கீழ் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவர்கள். விதியைப் புரட்டிப் பார்க்க நேரமில்லாத இளைஞர்க்கு எளியதோர் உரைகல்லைச் சொல்வோம்: நாளை நாம் அந்த நாற்காலியில் இல்லாவிட்டாலும் இந்தப் பெட்டி நம் வீடு தேடி வருமா? வரும் என்றால் அது நட்பு. வராது என்றால் அது நாற்காலிக்கு வந்த பெட்டி. அதைத் திருப்பி அனுப்புவதே முறை.

இனி 'ஈ' என்னும் சொல்லுக்கு வருவோம். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸை ஒட்டிப் பணியாளர்க்கும், கடைப் பையன்களுக்கும், வீட்டுக்குச் சாமான் கொண்டுவருவோர்க்கும் சிறு தொகை வழங்குவது பழவழக்கம். கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பெப்பீஸ், பையன்களின் கிறிஸ்துமஸ் பெட்டியில் காசு போட்டதை 1663 டிசம்பரில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26 'பெட்டி நாள்' என்று பெயர் பெற்றது இவ்வழக்கத்தால் என்பர். 1871இல் அந்நாள் சட்டப்படி வங்கி விடுமுறையாயிற்று. 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். அதில் வரும் கஞ்ச முதலாளி, ஒரு நாள் விடுமுறைக்குச் சம்பளம் தருவதையே தன் சட்டைப்பையில் கைவைப்பதாக எண்ணிக் குமைகிறார். மனம் திருந்தியபின் அவர் செய்த காரியங்கள் இரண்டு. தம் குமாஸ்தாவின் வீட்டுக்கு வான்கோழி அனுப்பினார். அத்தோடு நில்லாமல் அவருடைய சம்பளத்தையும் உயர்த்தினார். கதையைப் படிப்போர் வான்கோழியை நினைவில் கொள்கின்றனர். சம்பள உயர்வை மறந்துவிடுகின்றனர். முதலாளிகளுள்ளும் பலர் அவ்வாறே மறந்துவிடுகின்றனர்.

அமெரிக்காவில் மலிவுவிலைக் கடைகளால் பெரும்பொருள் ஈட்டிய வுல்வொர்த் 1899இல் தம் கடை ஊழியர்க்குக் கிறிஸ்துமஸ் போனஸ் வழங்கினார். பணியாற்றிய ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 5 டாலர். 25 டாலருக்கு மிகாது என்பது கணக்கு. கடையில் கூட்டம் நெரியும் பருவத்தில் ஊழியர் வேலையை விட்டுப் போகாமல் இருக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஈகை என்று பெயரிட்டாலும் உள்ளே கணக்கு உண்டு என்பதைக் காட்டவே சொன்னோம்.

நம் நாட்டிலும் போனஸ் பிறந்தது கணக்கில்தான். 1917இல் அகமதாபாத்தில் பிளேக் பரவியபோது நெசவாலைத் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாமல் இருக்க ஆலை உரிமையாளர்கள் 'பிளேக் போனஸ்' கொடுத்தனர். சிலருக்கு அது ஊதியத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது. நோய் தணிந்ததும் அதை நிறுத்த முற்பட்டனர். விலைவாசியோ தணியவில்லை. 1918இல் காந்தியடிகள் தலைமையில் நடந்த புகழ்பெற்ற வேலைநிறுத்தமும் அவருடைய உண்ணாநோன்பும் இதிலிருந்து எழுந்தவையே. பம்பாய் ஆலைகள் முதல் உலகப்போர்க் காலத்தில் போர் போனஸும், பின்னர் ஆண்டு போனஸும் கொடுத்துவந்தன. 1923ஆம் ஆண்டுக்குரியதை மறுத்தபோது, 1924 ஜனவரியில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் நார்மன் மெக்லியட் தலைமையிலான குழு வழக்கை ஆராய்ந்தது. சட்டத்தாலோ, வழக்கத்தாலோ, நியாயத்தாலோ தொழிலாளர்க்குப் போனஸ் கேட்கும் உரிமை இல்லை என்பது அதன் முடிவு. கொடுத்தவன் மனம் வைத்தான், கொடுத்தான். மனம் வைக்கவில்லை, நிறுத்தினான் என்று ஆயிற்று. 'ஈ' என்று கேட்பவனுக்கு வேறு மறுமொழி கிடைப்பதில்லை.

'ஈ' என்பது 'தா' என்று மாறுவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நடுவர்மன்றம் பம்பாய் ஆலை வழக்கில் ஒரு சூத்திரம் வகுத்தது. மொத்த இலாபத்திலிருந்து இயந்திரத் தேய்மானம், புதுப்பிக்கும் செலவு, வரி, மூலதனத்துக்கு உரிய வட்டி ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சுவதில் தொழிலாளிக்கும் பங்குண்டு என்பது அதன் சாரம். இலாபத்தை ஆக்கியவர்களுள் அவனும் ஒருவன் என்ற உண்மை அன்றுதான் கணக்கேட்டில் ஏறியது.

இந்நகரத்துக்கே உரிய பூஜா போனஸின் கதை வேறு வழியில் சென்றது. துர்க்கா பூஜைக்கு முன் ஊழியர்க்கு ஒரு தொகை வழங்குவது கல்கத்தா வணிக நிறுவனங்களில் வேரூன்றிய வழக்கம். 1959இல் இஸ்பஹானி நிறுவன வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை ஆராய்ந்தது. இடையறாமல் போதிய காலம் கொடுத்துவந்த பூஜா போனஸ், பணியின் உடன்பாட்டிலேயே உள்ளடங்கிய ஒரு நிபந்தனையாகக் கருதத்தக்கது என்ற நிலை அதனால் உறுதிப்பட்டது. வியப்பு என்னவெனில், ஏழு ஆண்டுகளுக்கு முன் 1952இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, நைல்ஸ்-பெமென்ட்-பாண்ட் என்ற கம்பெனியின் கிறிஸ்துமஸ் போனஸைப் பற்றி இதே பொருள்படத் தீர்ப்பளித்திருந்தது. ஆண்டுதோறும் எதிர்பார்த்து வாழும்படி கொடுத்துவந்தது பரிசு அன்று, ஊதியத்தின் பகுதியே என்பது அத்தீர்ப்பு. அங்கே கிறிஸ்து பிறப்பு, இங்கே துர்க்கையின் வருகை. பெருநாள் வேறாயினும் நியாயம் ஒன்றாகவே இருந்தது.

அதன்பின் 1961இல் மெஹர் தலைமையில் போனஸ் ஆணைக்குழு அமைந்தது. அதன் அறிக்கை 1964இல் வந்தது. 1965இல் போனஸ் வழங்கல் சட்டம் பிறந்தது. இலாபமோ நட்டமோ, ஊதியத்தில் 4 விழுக்காடு குறைந்த அளவு. 20 விழுக்காடு மேல் எல்லை. 1972இல் குறைந்த அளவு 8.33 விழுக்காடாக உயர்ந்தது. இந்த எண் வானத்திலிருந்து விழுந்ததன்று. நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது அது. அதாவது, பன்னிரண்டு மாதம் உழைத்தவனுக்குப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம். பிரேசில் நாடு 1962இல் இதனையே பதின்மூன்றாம் சம்பளம் என்ற பெயராலேயே சட்டமாக்கியது. பிலிப்பைன்ஸ் நாடு 1975இல், கிறிஸ்துமஸுக்கு முதல் நாளான டிசம்பர் 24க்குள் கொடுத்துத் தீர வேண்டும் என்று கட்டளையிட்டது.

பெற்ற உரிமை என்றும் நிலைத்துவிடும் என்று எண்ணி உறங்குதல் ஆகாது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1975 செப்டம்பரில், ஓர் அவசரச் சட்டம் குறைந்த அளவான 8.33 விழுக்காட்டை வெட்டிற்று. 1977இல் அது மீண்டது, 1980இல் நிலைபெற்றது. இரயில்வே ஊழியர்க்கு உற்பத்தித்திறனோடு இணைந்த போனஸ் 1979இல் தொடங்கிற்று. அண்மை ஆண்டுகளில் 78 நாள் ஊதியம் என்று, 17,951 ரூபாய் உச்ச அளவாக, தசராவுக்கு முன் அது வழங்கப்படுவதை நம் இரயில்வே உறுப்பினர்கள் அறிவர். 2019இல் இயற்றிய ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தபோது 1965ஆம் ஆண்டுச் சட்டம் அதனுள் அடங்கிற்று. 8.33, 20 என்னும் இரு எல்லைகளும் அதிலும் நிற்கின்றன.

அலுவலகத்தில் இன்னொரு வகைப் பரிசும் உண்டு. அஃது ஒத்தவர் ஒத்தவர்க்குத் தருவது. இக்காலத்து அலுவலகங்களில் இளைஞர்கள் டிசம்பரில் சீட்டுக் குலுக்கி, தம் சீட்டில் வந்த பெயருக்கு உரியவருக்குப் பெயர் தெரியாமல் பரிசு வைக்கின்றனர். 'சீக்ரெட் சான்டா' என்பர். முதியோர் சிலர் இதனை மேனாட்டு விளையாட்டு என்று இகழ்கின்றனர். நாம் அவ்வாறு இகழமாட்டோம். இதன் வேர் நான்காம் நூற்றாண்டில் மைரா நகரின் ஆயராக விளங்கிய புனித நிக்கோலாஸைப் பற்றிய மரபுக்கதையில் உள்ளது. வறுமையால் திருமணம் தடைப்பட்ட மூன்று பெண்களின் வீட்டுக்குள் அவர் இரவில் பொற்கிழி எறிந்துவிட்டு மறைந்தார் என்பது அக்கதை. கொடுத்தவர் முகம் தெரிந்தால் பெற்றவர் தலைகுனிய நேருமே என்ற நாணம் அதிலே இருக்கின்றது. அந்த நாணம் நம் பண்பாட்டுக்கும் அயலானதன்று. ஒன்று மட்டும் சொல்வோம். பரிசின் விலைக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். சிறு சம்பளக்காரர் பெருஞ்சம்பளக்காரரோடு போட்டியிட நேர்ந்தால் விளையாட்டு வரியாகிவிடும்.

இதுவரை கேட்டவர்கள், "நமக்குரியதை நாம் பெற்றுக்கொண்டோம், பேச்சு முடிந்தது" என்று எழுந்துவிடலாகாது. பேச வேண்டியது இனிமேல்தான் உள்ளது. நம்மவர் பலர் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில், பெயர் இங்கே வேண்டியதில்லை, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை ஒவ்வொருவர் மேசைக்கும் ஒரு கேக்குப் பெட்டி வரும். பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கி, மூன்று மாடி தூக்கிவந்து, மேசை மேசையாக வைப்பவர்கள் சிற்றுண்டிச்சாலைப் பையன்களும் வாயிற்காவலரும் ஆவர். அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். பெட்டிகளின் கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. கேக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆயினும் தொண்டையில் இறங்கத் தயங்கிற்று.

அவர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லையா? உண்டு. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில், ஊதிய உச்சவரம்புக்கு உட்பட்டு, ஓராண்டில் 30 நாட்கள் வேலை பார்த்தவருக்கும் போனஸ் உண்டு. கட்டடப் பணியில் ஒப்பந்தக்காரர் வழியாக அமர்ந்தோரைச் சட்டம் முன்பு விலக்கி வைத்திருந்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை நீக்கிற்று. கணக்காண்டு முடிந்து எட்டு மாதங்களுக்குள் கொடுத்துத் தீரவேண்டும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாதம் 7,000 ரூபாயை அடிப்படையாகக் கொண்டு குறைந்த அளவைக் கணக்கிட்டால், முழு ஆண்டு உழைத்தவர்க்கு ஏறத்தாழ 7,000 ரூபாய் வரும். நமக்கு அது சிறு தொகையாய்த் தோன்றலாம். பண்டிகைக்கு ஊருக்குச் செல்ல இரயில் சீட்டும், பிள்ளைகளுக்குப் புத்தாடையும் வாங்க வேண்டியவர்க்கு அது பெருந்தொகை. இத்தொகையின் அருமையை வடக்கே மலையில் தேயிலை பறிப்போரைக் கேட்டால் சொல்வர். 2024 செப்டம்பர் 30 அன்று 20 விழுக்காடு போனஸ் கேட்டு டார்ஜிலிங் மலைப்பகுதி பன்னிரண்டு மணி நேரம் கடையடைத்து நின்றது.

நம்முள் கணக்குத் துறையிலும் பணியாளர் நிர்வாகத்திலும் உயர்பதவி வகிப்போர் பலர் இந்த அவையில் இருக்கின்றனர். அவர்களிடம் நம் முதல் விண்ணப்பம் இது. ஒப்பந்தக்காரரின் பில்லில் கையெழுத்திடும்போது, அவருடைய ஆட்களுக்குப் போனஸ் கொடுத்தாயிற்றா என்று ஒரு வரி கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் கேட்பவர் இல்லாமையால் ஏமாறுவோர் பலர்.

இரண்டாம் விண்ணப்பம் நம் இல்லங்களைப் பற்றியது. சட்டம் எட்டாத பணியிடம் ஒன்று உண்டு. அது நம் வீட்டுச் சமையலறை. பாத்திரம் துலக்கும் பெண்மணிக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் நாமே முதலாளிகள். பூஜைக்கு ஒரு மாதச் சம்பளமோ புதுச்சேலையோ கொடுப்பது இந்நகரத்து நல்ல வழக்கம். அதைச் சிலர் முழுமனத்தோடு கொடுக்கின்றனர். சிலர் பண்டிகைக்கு முதல் நாள் இரவுவரை இழுத்தடித்து, அவர் வாயால் கேட்ட பிறகே, போன மாத முன்பணத்தைக் கழித்துக்கொண்டு கொடுக்கின்றனர். வேலைக்கு அமர்த்தும் நாளிலேயே, "ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் பெருநாளுக்கு" என்று பேசி முடித்துவிட்டால் அவர் கேட்க வேண்டிய தேவையே எழாது. அவருடைய பெருநாள் ஈத் என்றால் ஈதுக்கும், பொரோதின் என்றால் பொரோதினுக்கும் முன்னதாகக் கொடுப்பதே முறை. நம் தீபாவளி வரும்வரை அவரைக் காத்திருக்கச் செய்தல் நியாயமன்று.

மூன்றாம் விண்ணப்பம் சங்கச் செயற்குழுவுக்கு. நம் மண்டபத்தைக் காப்பவரும், கூட்டிப் பெருக்குபவரும், விழா இரவுகளில் நாற்காலிகளை விரித்து மடக்குபவரும் சிலரே. இருபது பேர் என்னும் எல்லைக்குள் அவர்கள் வரமாட்டார்கள். சட்டம் நம்மை வற்புறுத்தாது. வற்புறுத்தாத இடத்தில் செய்வதே அறம். ஆண்டுதோறும் விழா முடிவில் உறுப்பினர் விரும்பியதைத் தட்டில் போட்டு அவர்களிடம் கொடுக்கும் வழக்கத்தை விடுத்து, ஒரு மாதச் சம்பளத்தைப் போனஸாக வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கவேண்டும் என்பது நம் வேண்டுகோள். அதனை வரும் பொதுக்குழுவில் தீர்மானமாகவே கொண்டுவர எண்ணியுள்ளோம். தட்டில் விழும் காசு கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். ஆனால் ஏட்டில் எழுதிய தொகையைப் பெறுபவர் நிமிர்ந்து நின்று பெறுவார்.

பெருநாளின் இனிய பரிசுகள் என்றும் இருக்கட்டும். கேக்கும், இலட்டும், புத்தாடையும், வாழ்த்தட்டையும் மனிதர்க்கு மனிதர் காட்டும் அன்பின் அடையாளங்கள். அவை வேண்டா என்போர் எவருமில்லை. ஆனால் அன்பளிப்பு, கூலிக்கு ஈடாகாது. கூலியும் அன்பளிப்பாகிவிடலாகாது. நம்மிடம் வேலை செய்வோர் நம்மைப் பார்த்து 'ஈ' என்று கேட்கும் நிலை ஒழியவேண்டும். 'தா' என்று ஒத்தவராய் நின்று கேட்கும் உரிமையை அவர்களுக்கு வழங்குவோமாக.